போனில் மட்டும் மறைந்த அறிவிப்பு

உனாய்சியின் மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். அதில் பதினேழு பழைய போன்கள். கண்ணாடி கீறியது, மூலை உடைந்தது, ஒரு பொத்தான் வேலை செய்யாதது என்று தலைநகர் சூவாவின் சந்தைக்குப் பின்னால் பழைய சாமான் விற்கிறவர்களிடம் பேரம் பேசி வாங்கியவை. ஒரு இணையதளத்தை எழுதி முடித்தால், அந்தப் பதினேழிலும் ஒவ்வொன்றாகத் திறந்து, விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்பாள். கம்ப்யூட்டரில் மூன்று பத்தியாக விரிந்து நிற்கிற பக்கம் போனுக்கு வந்தால் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ள வேண்டும். எழுத்து சுருங்கக் கூடாது. அழுத்துகிற இடம் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும். இதிலெல்லாம் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

முதலாளி ரோனிலுக்கு இது பொழுதைக் கொல்கிற வேலையாகத்தான் தெரிந்தது. தையல் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நடத்துகிற சின்னத் தொழில் அவருடையது.

"வேலை குடுக்கிற ஆளு அவரோட ஆபீஸ்ல, பெரிய ஸ்கிரீன்லதான் பாக்கப் போறாரு. அங்க பளிச்சுன்னு இருந்தாப் போதும் உனாய்சி."

"அவரு பாக்கிறதுக்கா செய்யறோம் அண்ணே? அவரு சைட்ட அவரே எத்தன வாட்டி பாப்பாரு?"

அவளுக்கு அது வாயளவில் இருந்த பேச்சு இல்லை. அவள் அம்மா பிறந்தது நைராய் தீவில், நாசேவு என்கிற ஊரில். அங்கே போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டி மேடு ஏற வேண்டும். மேட்டில் ஒரு ரொட்டிப்பலா மரம். அதன் அடியில் நின்று, உள்ளங்கையளவு போனை வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, வாங்கின டேட்டா தீர்வதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். பள்ளி விடுமுறைக்கெல்லாம் அங்கே போய் வளர்ந்தவள் அவள். யாருக்காக எழுதுகிறோம் என்று யாராவது கேட்டால் அவள் கண்ணில் அந்த மேடுதான் வரும்.

அதனால்தான் தீவுகளுக்குக் கப்பல் விடுகிற ஒரு கம்பெனி தங்களுக்கு இணையதளம் வேண்டும் என்று வந்தபோது, ரோனில் கேட்பதற்கு முன்பே "நான் செய்றேன்" என்றாள். இரண்டே கப்பல் வைத்திருந்த கம்பெனி. எந்தத் தீவுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கரையில் நிற்கும் என்பதைப் போட்டால் போதும். மேலே தேதி மாற்றம், காற்று எச்சரிக்கை மாதிரி அவசர விஷயம் வந்தால் காட்ட ஒரு மஞ்சள் பட்டையும் வைத்தாள். ஆறு வாரத்தில் முடித்தாள். பதினேழு போனிலும் பார்த்தாள். பிறகு நாசேவில் இருக்கிற மாமன் மகன் எரோனி மேடு ஏறுகிற நேரம் பார்த்து அவனுக்கு போன் போட்டாள்.

"டேய், மேட்டுலதான இருக்க? சைட்டத் தொறந்து பாரு. கப்பல் தேதி தெரியுதா?"

"தெரியுது அத்த மவளே. கப்பலும் தெரியுது. நீதான் தெரியல. இவ்ளோ படிச்சவ உன் மூஞ்சியையும் ஒரு ஓரமாப் போட்டிருக்கலாமில்ல, கடல் பேய் ஓடிப்போகும்."

"உன் மூஞ்சியப் போட்டா கப்பலே திரும்பிப் போயிடும்டா."

இருவருக்கும் இரண்டு மாத வயது வித்தியாசம். அத்தை மகளும் மாமன் மகனும் வாயாடாமல் இருந்தால் வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிற ஊர் அது. அவர்கள் ஒரு நாளும் ஒழுங்காகப் பேசிக்கொண்டது கிடையாது.

தளம் வந்து மூன்று வாரம் கழித்து கம்பெனி மேனேஜர் தெவிதா போன் பண்ணினார். புதுசாக ஒரு போன் வாங்கியிருந்தார்.

"இந்தாம்மா, என் போன்ல பாத்தா நம்ம கப்பல் படம் பாதி தெரியல. மஞ்சளா ஒண்ணு மேல வந்து உக்காந்துக்கிட்டு மறைக்குது. முதலாளியம்மா பாத்துட்டு மூஞ்சியச் சுளிக்கிறாங்க. அத எடுத்துடு."

"அது அறிவிப்புப் பட்டை சார். அவசரம்னா அதுலதான் போடணும்."

"இப்ப என்ன போட்டிருக்கு அதுல? 'எங்கள் புதிய இணையதளத்துக்கு நல்வரவு'ன்னு போட்டிருக்கு. இது என்ன அவசரம்? கம்ப்யூட்டர்ல இருக்கட்டும், போன்ல வேண்டாம். இன்னிக்கே செஞ்சு குடு."

திரையின் அகலம் இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பட்டையைக் காட்டாதே என்று ஒரே ஒரு வரி. எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போனில் பார்க்கிறவர்களுக்கு அந்த அறிவிப்பை அட்டவணைக்குள்ளேயே, தேதிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்குச் செய்யலாம் என்று ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டினாள். மறுநாள் ஒரு பல் ஆஸ்பத்திரி வேலை வந்தது. அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடம். சீட்டு என்றைக்கு உதிர்ந்ததோ அவளுக்குத் தெரியாது. நான்கு மாதம் போய்விட்டது.

அந்த நான்கு மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் கப்பல் தேதி மாறினால் கம்பெனி ஆள் ஒவ்வொரு ஊர்த்தலைவர் வீட்டு ரேடியோபோனுக்கும் கூப்பிட்டுச் சொல்வார். தளம் வந்த பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் சைட்டில் இருக்கிறதே என்றார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் எரோனியின் அப்பா, மாமா சகேயாசியின் காலில் உடைந்த சங்கு குத்தியது. அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு வாரத்தில் புண் பெருவிரலை விட்டுப் பாதத்துக்கு ஏறியது. தீவின் நர்ஸ் மருந்து கட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்க ஆகிற காரியமில்ல, வர்ற கப்பல்ல சூவாவுக்குக் கொண்டு போயிடுங்க" என்றாள். எரோனி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேடு ஏறித் தளத்தைத் திறந்தான். நைராய், வியாழன், காலை பத்து மணி என்றிருந்தது. இறங்கி வந்து அம்மா மெரேவையிடம் சொன்னான். அவள் கணவருக்கு இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் மடித்து வைத்தாள்.

அன்று மத்தியானமே கம்பெனி தேதியை மாற்றியிருந்தது. வியாழனிலிருந்து பெருங்காற்று என்று வானிலை அறிவிப்பு. அதனால் கப்பல் ஒரு நாள் முன்னாலேயே புதன்கிழமை வரும். தெவிதா அதை மஞ்சள் பட்டையில் போட்டார். தன் பெரிய திரையில் பார்த்து, சரியாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அட்டவணையில் பழைய வியாழன் அப்படியே இருந்தது.

கப்பல் நிற்கிற கரை தீவின் மறுபக்கம். வியாழக்கிழமை விடியற்காலை நாலு ஆண்கள் மாமாவைத் தூளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கரையில் கப்பலுக்குக் காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவி, "கப்பல் நேத்தே வந்து போயிடுச்சே" என்றாள். அடுத்த கப்பலுக்கு இரண்டு வாரம்.

எரோனி அங்கிருந்த ஒரு பாறையில் ஏறி சிக்னல் பிடித்து உனாய்சியைக் கூப்பிட்டான்.

"அத்த மவளே, உன் கப்பல் எங்க? அப்பாவத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறோம்."

அவள் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்தாள். மஞ்சள் பட்டை தலைமேல் பளிச்சென்று இருந்தது.

"நேத்தே வந்துட்டு போயாச்சுடா. மாத்திட்டாங்கன்னு மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கே. கண்ணைத் தொறந்து பாக்க மாட்டியா?"

கேலியாகத்தான் சொன்னாள். அவர்களுடைய வழக்கமான பேச்சுதான்.

"மேலயா? நான் பாத்தேனே" என்றான் எரோனி. "பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்."

அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

போனை வைத்த பிறகுதான் ஏப்ரலில் எழுதிய அந்த ஒரு வரி அவளுக்கு ஞாபகம் வந்தது. கூடையைக் காலால் இழுத்து, கைக்கு வந்த ஒரு போனை எடுத்துத் தளத்தைத் திறந்தாள். பட்டை இல்லை. இன்னொன்றை எடுத்தாள். இல்லை. வியாழன், காலை பத்து மணி. மூன்றாவது, நான்காவது. பதினேழிலும் கப்பல் படம் மட்டும் நீலக்கடலில் முழுசாக, அழகாகத் தெரிந்தது.

எரோனிக்கு முப்பது தடவை போன் போட்டாள். அவன் சிக்னலை விட்டு இறங்கியிருந்தான். ரோனிலிடம் போய் நின்றாள். அவர் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த வரியை அழித்தார்.

"ஆச்சு. இனிமே போன்லயும் தெரியும். இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத."

"அண்ணே, எங்க மாமா கரையில கிடக்கிறாரு."

"அதுக்கு நம்ம என்ன பண்ண முடியும்? அடுத்த ஏற்பாடு அவங்க பண்ணுவாங்க. எழுதச் சொன்னது அவங்க மேனேஜரு. ஆனா எழுதினது யாருன்னு கேட்டா உன் பேருதான் நிக்கும். யோசிச்சுக்கோ."

நின்றது. எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்துவைத்திருந்தது. உனாய்சி, ஏப்ரல் பதினொன்று, காலை பதினொன்று முப்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை முழுக்கக் காற்று. நர்ஸ் ஹெலிகாப்டர் கேட்டுப் பார்த்தாள். காற்று அடங்கினால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மாமாவுக்குக் காய்ச்சல் ஏறி, பேச்சு குழறத் தொடங்கியது. சனிக்கிழமை காலையில் கடல் கொஞ்சம் தணிந்தது போல் தெரிந்தது. எரோனி பக்கத்து வீட்டு ஃபைபர் படகைக் கேட்டு வாங்கி, அதில் பாய் விரித்து, அப்பாவைப் படுக்க வைத்து, அடுத்த தீவில் இருக்கிற லெவுகா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். நாலு மணி நேரத்துப் பயணம். "இருடா, இன்னொருத்தனையும் கூட்டிட்டுப் போ" என்று மெரேவை சொன்னாளாம். "ஆள் ஏறினா பாரம் கூடும்மா, பெட்ரோல் பத்தாது" என்றானாம்.

சனி சாயங்காலம் வரை படகு லெவுகாவுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் இருவர் பெயரையும் சொல்லி ஜெபித்தார். உனாய்சியின் அம்மா சூவாவை ஒட்டிய நசீனுவில் இருந்த தங்கள் வீட்டில் பாயை விட்டு எழவில்லை. அவளுக்கு ஒரே அண்ணன். கடற்படைப் படகு ஒன்றும் விமானம் ஒன்றும் தேடின. திங்கள்கிழமை ரேடியோவில் இருவரையும் காணவில்லை என்று சொன்னார்கள். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எரோனி எப்படி உனா தேதியத் தப்பாப் பாத்தான்? அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லையே."

உனாய்சி கையை விடுவித்துக்கொண்டாள். எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். மீண்டும் கழுவினாள்.

அந்த நாட்களில் அவள் மனசு என்ன பாடுபட்டது என்பதை அவளே பிற்பாடு சொல்லித்தான் தெரியும். ஆபீசுக்குப் போவாள், கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டாள். போன்களை மேசையில் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றிலும் அந்தத் தளத்தைத் திறப்பாள். இப்போது எல்லாவற்றிலும் மஞ்சள் பட்டை வந்தது. எல்லாவற்றையும் மூடுவாள். திரும்ப முதலிலிருந்து திறப்பாள். உயிரோடு இரண்டு பேரும் வரட்டும், வந்த அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் கெஞ்சினாள். ஒப்பந்தம் போடுகிற மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை, ஒரு சூரை மீன் பிடிக்கிற கப்பல் அந்தப் படகை வெகு தெற்கே கண்டது. எஞ்சினில் தண்ணீர் புகுந்து முதல் நாளே நின்றுபோயிருந்தது. எரோனி உயிரோடு இருந்தான். மாமா திங்கள்கிழமையே இறந்துவிட்டிருந்தார். எரோனி தன் சட்டையால் அவர் முகத்தை மூடி, அவர் உடம்பு படகிலிருந்து போய்விடாமல் கயிற்றால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

சூவா ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனாள். உதடு வெடித்து, தோள் தோல் உரிந்து, கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முதலில் சொன்னது:

"நீ சொன்னது சரிதான். கண்ணைத் தொறந்து பாத்திருக்கணும்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எரோனி, கேளு..."

"அப்பா அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. காய்ச்சல்ல. 'சரியாப் பாத்தியாடா, சரியாப் பாத்தியாடா'ன்னு. பாத்தேன்ப்பான்னு சொன்னேன். பொய்தானே சொல்லியிருக்கேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவளும் அதைச் சொல்லத்தான் போனாள். ஆனால் நர்ஸ் வந்தாள், பிறகு அம்மா வந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு ஊர்க்காரர்கள் துக்கச் சீராகப் பாயும் துணியுமாக வந்தார்கள். அடக்கம் முடியட்டும் என்று தள்ளினாள். கடற்படைப் படகு உடலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, நாசேவில் அடக்கம் முடிந்தது. நாலாம் இரவுச் சடங்கு முடியட்டும் என்று தள்ளினாள். அதுவும் முடிந்தது. ஒவ்வொரு நாள் போகப் போக, நேற்றே ஏன் சொல்லவில்லை என்கிற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது அவள் வாயை இன்னும் இறுக்கியது.

ஊரில் யாரும் எரோனியை நேராக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதிலேயே எல்லாம் இருந்தது. கம்பெனியிலிருந்து இரங்கல் கடிதம் ஒன்று வந்திருந்தது. தேதி மாற்றம் முன்கூட்டியே இணையதளத்தில் வெளியிடப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை ஊர்த்தலைவர் கூட்டத்தில் வாசித்தார். அன்றிலிருந்து யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்க ஆண்கள் உட்காருகிற இடத்துக்கு எரோனி போவதில்லை. போனாலும் கதவு ஓரமாக உட்கார்ந்து, கிண்ணம் வருவதற்குள் எழுந்துவிடுவான்.

கரையிலிருந்து அவன் கூப்பிட்ட அந்த வியாழக்கிழமைக்கு இருபத்துமூன்றாம் நாள், கடலில் தண்ணீரில்லாமல் கிடந்ததில் கெட்டுப்போன சிறுநீரகத்தைக் காட்ட எரோனி சூவா வந்து நசீனு வீட்டில் தங்கினான். சனிக்கிழமை காலை. அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். உனாய்சி சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். எரோனி வாசற்படியில் போனோடு உட்கார்ந்திருந்தான். நெடுநேரம் அவன் அசையாமல் இருந்ததைக் கவனித்து அவள் எட்டிப் பார்த்தாள். கப்பல் தளத்தைத் திறந்து வைத்திருந்தான். பட்டையில் வேறு ஏதோ தீவின் தேதி மாற்றம்.

"இங்க பாரு" என்றான் அவன், திரையை அவள் பக்கம் திருப்பி. "எவ்ளோ பெருசா இருக்கு. மஞ்சக் கலரு. குருடனுக்கும் தெரியும். இதே போன்தான். நான் எப்படிப் பாக்காம விட்டேன்? தினமும் தொறந்து பாக்கிறேன், எனக்கு விளங்கவே இல்ல. என் மண்டையில ஏதோ கோளாறு இருக்குன்னு டாக்டர்கிட்டக் கேக்கலாம்னு இருக்கேன்."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு அது உன் போன்ல இல்லடா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"போன்ல மட்டும் அது தெரியாத மாதிரி நான் எழுதியிருந்தேன். கப்பல் படத்த மறைக்குதுன்னு மேனேஜர் சொன்னாரு. எடுத்தேன். திரும்ப வேற இடத்துல வைக்கணும்னு நெனச்சேன், வைக்கல. நீ கரையிலருந்து கூப்பிட்ட பொறகுதான் எனக்கே தெரிஞ்சுது. அன்னிக்கே சரி பண்ணிட்டாங்க. அதனாலதான் இப்ப உனக்குத் தெரியுது."

வெளியே பஸ் ஒன்று போனது. அவன் அதைப் பார்ப்பது போல் இருந்தான்.

"அப்ப நான் சரியாத்தான் பாத்தேனா?"

"சரியாத்தான் பாத்த."

"வியாழக்கிழமைன்னுதான் இருந்துச்சா?"

"வியாழக்கிழமைன்னுதான் இருந்துச்சு."

அவன் போனைப் படியில் வைத்தான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவள் கை நீட்டினாள். தொடப் பயந்து எடுத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவன் தலையைத் தூக்கியபோது கேட்டது அவள் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"அந்த வரிய எழுதும்போது உனக்கு ஒண்ணும் தெரியாது. சரி. எங்க அப்பா கால் தெரியாது, காத்து தெரியாது. சரி. ஆனா ஆஸ்பத்திரியில நான் சொன்னப்ப உனக்குத் தெரியும். அப்பாவப் பொதைக்கும்போது தெரியும். நான் கதவோரமா உக்காந்திருந்தேனே, அத நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பாத்தேன்."

"இருபது நாளுக்கு மேல."

"இருபத்துமூணு நாள்."

"எண்ணி வச்சிருக்கியா?" என்றான் அவன். எழுந்து, தன் பையை எடுத்துக்கொண்டு, அம்மா வருவதற்கு முன்பே போய்விட்டான். மரவள்ளி பாத்திரத்தில் உரித்தபடியே கிடந்து கறுத்தது.

அம்மாவிடம் அன்றே சொன்னாள். அம்மா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஊருக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னாள். "எல்லாருக்கும் முன்னால சொல்லணும். அந்தப் பிள்ளை தலைய நிமிந்து நடக்கணும்."

திங்கள்கிழமை ரோனிலிடம் போனாள்.

"நடந்தத என் பேர்லயே எழுதி கம்பெனிக்கும் ஊர்த்தலைவருக்கும் அனுப்பப் போறேன் அண்ணே."

ரோனில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"கப்பல் கம்பெனி நம்மள விட்டுப் போயிடும். அவங்க பேசினா இன்னும் நாலு பேரு போவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. இத நீ அனுப்பினா உன்ன நான் இங்க வச்சுக்க முடியாதும்மா."

"தெரியும் அண்ணே."

கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அடுத்த கப்பலில் நாசேவுக்குப் போனார்கள். அம்மா, உனாய்சி, அவர்களுக்காகப் பேச அவளுடைய சித்தப்பா. மன்னிப்புக் கேட்கிற முறைப்படி திமிங்கிலப் பல் ஒன்றும் யங்கோனா வேர்க் கட்டும் கொண்டுபோனார்கள். கூட்டம் கூடுகிற வீட்டில், தாழ்ந்த பக்கத்தில், கதவுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பா பல்லைக் கையில் ஏந்தி மன்னிப்பு வார்த்தைகளைச் சொன்னார். வழக்கமாக அதோடு தவறு செய்தவர் வாய் திறக்கத் தேவையில்லை. உனாய்சி அனுமதி கேட்டு, தானே சொன்னாள். திரை, அகலம், பட்டை என்று அவள் சொன்னது பாதிப் பேருக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும், கடைசியில் இப்படிச் சொன்னாள்:

"சூவாவுல இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு ஒரு சேதி காட்டினேன். உங்க கையில இருக்கிற போனுக்கு அத மறைச்சேன். எரோனி பாத்ததுல தப்பே இல்ல."

ஊர்த்தலைவர் பல்லை வாங்கிக்கொண்டார். அது ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். ஆண்கள் சடங்கு முறைப்படி உள்ளங்கை குவித்துக் கை தட்டினார்கள். எரோனி அங்கே இல்லை. மீன் பிடிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

அத்தை மெரேவை பெண்கள் வரிசையில் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு உனாய்சியை அருகில் கூப்பிட்டாள். ஊர்ப்பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்மாமன் ஊரில் எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிற உரிமை உண்டு. கோழியோ, பாயோ, தோட்டத்துச் சேம்போ, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சின்ன வயதில் உனாய்சி அந்த வீட்டில் எடுக்காதது இல்லை.

"எங்க வீட்ல எத வேணும்னாலும் எடுத்துக்கன்னுதான் உன்ன வளத்தோம்" என்றாள் மெரேவை. குரலில் கோபம் இல்லை. "அவரையும் எடுத்துக்குவன்னு நான் நெனைக்கல."

உனாய்சி அவள் மடியில் தலையை வைத்து அழுதாள். மெரேவை அவள் தலையில் கை வைக்கவில்லை. தள்ளவும் இல்லை.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் கம்பெனி, தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு பத்தி அறிக்கை விட்டது. தெவிதா வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஊர்த்தலைவர்கள் ஒன்றுசேர்ந்து எழுதின பிறகு, தேதி மாறினால் பழையபடி போன் போட்டுச் சொல்வதையும் ஆரம்பித்தார்கள். உனாய்சிக்கு ஒன்பது மாதம் யாரும் வேலை கொடுக்கவில்லை. நசீனு வீட்டிலேயே ஒரு மூலையில் மேசை போட்டு, சர்ச்சுக்கும் பாலர் பள்ளிக்கும் சின்னச் சின்னதாகச் செய்துகொடுத்தாள். எதையாவது போனில் காட்டாதே என்று எழுத வேண்டி வந்தால் அவள் கை நின்றுவிடும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் வேலையை நான்கு நாளில் முடிக்கிறாள் என்று பெயர் வந்தது.

துக்கம் கழிக்கிற வருடச் சடங்குக்குப் போனாள். போகாமல் இருக்க முடியாது. எரோனி விருந்தினர்களுக்கு உணவு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்திரேலியாவில் பழத் தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்திருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். இளைத்திருந்தான். ஆனால் ஆண்களோடு கலந்து நின்றான். அவர்கள் அவன் தோளில் கை போட்டுப் பேசினார்கள். அவள் முன்னால் வந்து சேம்பும் மீனும் வைத்த இலையை வைத்தான்.

"வாங்க. பயணம் நல்லா இருந்துச்சா? சாப்பிடுங்க" என்றான்.

பாஸ்டரிடம் பேசுகிற மாதிரி, அவ்வளவு மரியாதையாக. பிறந்ததிலிருந்து அவன் அவளை 'வாங்க' என்று சொன்னதில்லை. ஒரு குத்தல், ஒரு கெட்ட வார்த்தை வராதா என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டான். சாப்பிட்டாள். எதிரில் அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் முழுசும் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் எரோனி ஆஸ்திரேலியா போய்விட்டான். அவளுக்கு எழுதுவதில்லை. எழுதுவான் என்று அவளும் இப்போதெல்லாம் நினைப்பதில்லை.

மெரேவைக்கு சர்க்கரை இருப்பது போன வருடம் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சூவா வந்து காட்ட வேண்டும். அவள் கையிலும் போன் இருக்கிறது. ஊர்த்தலைவருக்கும் சேதி வருகிறது. இருந்தாலும் புறப்படுவதற்கு முந்தின நாள் மேடு ஏறி உனாய்சியைக் கூப்பிடுவாள். நலம் விசாரிப்பு கிடையாது.

"கப்பல் எப்ப?"

"இருங்க அத்தை, கேட்டுச் சொல்றேன்."

உனாய்சி தளத்தைப் பார்ப்பதில்லை. கம்பெனிக்கு போன் போட்டு, கப்பலில் இருக்கிற ஆளோடு பேசி, இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு திரும்பக் கூப்பிடுவாள். அதுவரை அத்தை ரொட்டிப்பலா மரத்தடியில் வெயிலில் நின்றுகொண்டிருப்பாள்.

"வெள்ளிக்கிழமை அத்தை. காலையில ஒம்பது மணி. கிழக்குக் கரை."

"சரி" என்பாள் மெரேவை. போனை வைத்துவிடுவாள்.